ஒன்பது பேருக்கும் ஒரே மலர்ந்த முகம்

போன வாரம் பழைய பாசத்தில் எஸ்டேட் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், கணினியில் ஆஸ்திரேலியாவுக்கு வேலை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று அதை மூடிவிட்டு, ஆள் வருகைப் பதிவைத் திறந்து, முகத்தையும் ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டார். தம்பி, என்னிடம் அது பலிக்காது. அதே அறையில், அதே ஜன்னலோரம், ஆபீஸ் வேலை அடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு என் சொந்த விண்ணப்பங்களைத் தட்டச்சு அடித்தவன் நான்.

வெளிநாடு போகாதீர்கள் என்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் உங்களுக்காகவோ அடுத்தவருக்காகவோ ஒரு சிபாரிசுக் கடிதம் எழுத உட்காரும்போது, எழுபதுகளின் கடைசியில் நான் செய்த காரியத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. இந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் படித்து, பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்கு பஸ் ஏறிப் போய் மேல்படிப்பையும் முடித்துவிட்டு, திரும்ப இதே தோட்டத்து ஆபீசில் வந்து உட்கார்ந்தவன். காலையில் கதவைத் திறந்தால் தேயிலை, சாயங்காலம் கதவைச் சாத்தினாலும் தேயிலை. மலைப்பாதையில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் கீழ்நாட்டுக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்களே, அந்தப் பச்சையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டு கால்களும் நாற்காலிக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய கிராணி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "மேச ஆடுது தம்பி" என்பார்.

சிங்கப்பூருக்கு எழுதினேன். பதில் இல்லை. புரூணைக்கு எழுதினேன். அதற்கும் இல்லை. பிறகு ஒரு நாள் தமிழ் நாளிதழில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. பாப்புவா நியூகினி மலைநாட்டில் புதிதாகத் தேயிலை போட்டு, தொழிற்சாலையும் கட்டியிருக்கிறார்கள். அனுபவமுள்ள ஆட்கள் தேவை. ஃபிட்டர், இலை வாட்டத் தெரிந்தவர், தேயிலைக் காட்டை மேற்பார்க்கும் கங்காணி, கிராணி எல்லோரும் வேண்டும். அந்தத் துண்டுத் தாள் தோட்டம் முழுக்கக் கைமாறி, மடித்து மடித்து நைந்து போனது. நியூகினி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட தானா ராத்தாவுக்குப் போய் விண்ணப்பத்துக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் மோட்டார் சைக்கிளையே விற்றுவிட்டு மூன்று மாதம் நடந்தே வேலைக்குப் போனார்.

விண்ணப்பத்தோடு மேனேஜரின் நற்சான்று வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அங்கேதான் சிக்கல். வேறு வேலைக்குப் போகப் போகிறேன் என்று மேனேஜர் துரையிடம் சொல்லிவிட்டு, வேலை கிடைக்காமல் போனால், அப்புறம் இங்கே அவருடைய முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். பழைய ஃபைலில், எப்போதோ போன ஒரு வெள்ளைக்காரத் துரை யாருக்கோ கொடுத்த நற்சான்றின் கார்பன் நகல் ஒன்று இருந்தது. அருமையான ஆங்கிலம். "இவரை எனக்குப் பத்து ஆண்டுகளாகத் தெரியும். நிதானமானவர், நேரம் தவறாதவர், எந்நேரமும் மலர்ந்த முகத்துடன் இருப்பவர்" என்று போகும். பெயரை மட்டும் மாற்றினேன். ஒன்பது பேருக்கு ஒன்பது கடிதம். ஒன்பதாவது என்னுடையது.

கையெழுத்து வாங்குவதும் பெரிய வித்தை இல்லை. துரை தேயிலைக் காட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருக்கும். அந்த நேரமாகப் பார்த்து உரம், விறகு, லாரி என்று இருபது தாள்களை நீட்டினால், நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவார். நடுவில் இரண்டு இரண்டாகச் செருகி ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். அப்போது அதை நான் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆறு வாரம் ஆபீசில் யாருக்கும் நிம்மதி இல்லை. தபால் பை வரும் நேரத்துக்கு யாராவது ஒருவர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். கடைசியில் பதில் வந்தது. ஒன்பது பேருக்கும் அல்ல, துரைக்கு.

துரை என்னை உள்ளே கூப்பிட்டார். சிரம்பான் பக்கத்துத் தமிழர். வெள்ளைக்காரர் போன பிறகு வந்தவர். இரைந்து பேச மாட்டார். அதுதான் பயம்.

"உக்காருங்க கிராணி" என்றார். அந்த அறையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

ஒன்பது கடிதங்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"இந்த ஒம்பது பேரையும் எனக்குப் பத்து வருஷமா தெரியுமாம். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்து எத்தன வருஷம் ஆவுது?"

"மூணு வருஷங்க தொரை."

"எல்லாரும் மலர்ந்த மொகம். ஃபிட்டர் மாணிக்கம்கூட."

மாணிக்கத்தின் முகம் மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. அவனுடைய கல்யாணப் படத்தில்கூட யாரோ திட்டியதுபோல்தான் நிற்பான். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"உங்க பேரும் இருக்கு" என்றார் துரை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

நியூகினிக் கம்பெனி எழுதியிருந்தது இதுதான்: உங்கள் ஒன்பது பேரும் ஒரே ஆளைப் போல இருக்கிறார்கள். எங்கள் பிரதிநிதி இந்த வாரம் ஈப்போவில் இருக்கிறார். வியாழக்கிழமை மேலே வருவார். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நல்லவரா என்று எழுத வேண்டாம். வேலை தவறாகிப்போன ஒரு நாளில் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். அவர்களுடைய சர்வீஸ் ஃபைல்களையும் அவர் பார்ப்பார்.

"எட்டு பேரப் பத்தி நீங்க எழுதுங்க" என்றார் துரை. "ஒங்களப் பத்தி நான் எழுதறேன். இந்தத் தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் சைன் பண்ணுவேன். வியாழக்கெழம காலைல என் மேசைல இருக்கணும்."

அன்று திங்கட்கிழமை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்பது வருடம் அந்த ஆபீசில் இருந்திருக்கிறேன். இந்த எட்டு பேரும் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள், எந்த நாள் வரவில்லை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர்கள் என்ன மாதிரி ஆட்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் அன்று எனக்கு விழுந்த முதல் அடி.

அவர்களையே கேட்டேன். "ஏதாச்சும் தப்பாப் போன நாளு ஒண்ணு சொல்லுங்கண்ணே." எல்லோரும் பதறினார்கள். உலர்த்தும் அடுப்பில் வேலை பார்த்த சுப்பையா, "என் கைல இன்ன வரைக்கும் ஒரு தப்பும் நடந்ததில்லலா. யாரு போட்டுக் குடுத்தது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி தண்ணீர்க் குழாயடியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடுப்புல தீ வெளிய வந்தப்ப இவருதான ஈரச் சாக்க மேல போத்திக்கிட்டு உள்ள போனாரு. புருவம் ரெண்டும் பொசுங்கி மூஞ்சி முட்ட மாதிரி ஆயிடுச்சி. அதச் சொல்ல வெக்கம் அவருக்கு." அன்றிலிருந்து ஓர் ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்த ஆளைக் கேட்பதில்லை, அவர் பக்கத்தில் நின்றவரைக் கேட்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்படி ஏழு பேருக்குக் கிடைத்துவிட்டது. மிச்சம் மாணிக்கம்.

மாணிக்கமும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனுடைய தவறிப்போன நாளைத் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை. தோட்டத்துக்கே தெரியும். அதற்கு முந்தின வருடம், இலை மலைபோல வந்து குவிந்த ஒரு நாளில், இலை உருட்டும் ரோலர் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். பெல்ட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய இரும்பு வலை உடைந்து கிடந்தது. கூட்டிப் பெருக்க வந்த ஒரு பெண்ணின் சேலை முந்தானை பெல்ட்டில் மாட்டி, அவள் கீழே விழுந்து, சேலை கிழிந்ததால் தப்பித்தாள். வலை வராமல் இயந்திரம் ஓடாது என்று சொல்லிவிட்டு, ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு, மாணிக்கம் இயந்திரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டான். அத்தனை இலையும் பாழ். கோலாலம்பூரிலிருந்து திரும்பிய துரை, தொழிற்சாலை அதிகாரி சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, "முன்கூட்டித் தெரிவிக்காமல் இயந்திரத்தை நிறுத்தினார்" என்று ஓர் எச்சரிக்கைக் கடிதத்தை வாய்மொழியாகச் சொன்னார். நான் தட்டச்சு அடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை ஃபோர்மேன் வேலை காலியாகியும் மாணிக்கத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும் வரை இங்கே அவனுக்கு மேலே போக வழியில்லை. நியூகினிதான் வழி.

செவ்வாய் மத்தியானம் அவனே ஆபீஸ் வராந்தாவுக்கு வந்தான்.

"ரோலர் கதைய மட்டும் எழுதிடாதடா கிராணி."

"ஏன்டா?"

"வேணாம்லா. தண்ணி பம்பு ரிப்பேர் பண்ணேனே, அத எழுது."

"அதுல என்னடா தப்பாப் போச்சு?"

"ஆத்துல தண்ணி வத்திப் போச்சுன்னு எழுதேன். எவன் வந்து பாக்கப் போறான்?" என்றான். பிறகு குரலை இறக்கி, "எம் பொஞ்சாதி பெட்டிகூட வாங்கிட்டாடா. ரோலர் பேச்ச எடுக்காத, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சர்வீஸ் ஃபைலையும் பார்ப்பார்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது துரையின் உத்தரவு. பம்புக் கதை எழுதினால், வருகிறவர் ஃபைலைத் திறந்ததும் எச்சரிக்கைக் கடிதத்தைப் பார்ப்பார். மாணிக்கத்தின் வாய்ப்பு அதோடு போய்விடும். ரோலர் கதையை ஒழுங்காக எழுத வேண்டும் என்று, அந்த நாட்களின் தாள்களைத் தேடிப் பழைய கட்டுகளை அவிழ்த்தேன்.

அங்கே அது கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து சாமான் கேட்டு அனுப்பும் சீட்டு. மாணிக்கத்தின் கோணல் கையெழுத்து. "ரோலர் பெல்ட் வலை உடைஞ்சிருக்கு. அவசரம்." இயந்திரத்தை நிறுத்திய நாளுக்கு மூன்று வாரம் முந்தின தேதி. சீட்டுகளைப் பதிந்து துரையின் பார்வைக்கு வைப்பது சின்னக் கிராணியின் வேலை. நான் வைக்கவே இல்லை. என் மேசைமேல் தாள் வைக்கும் தட்டிலேயே கிடந்து, மாதக் கடைசியில் மற்ற தாள்களோடு கட்டுக்குள் போயிருக்கிறது. ஏன் வைக்கவில்லை என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. அதற்கு அடுத்த தாளே பதில் சொன்னது. அதே நாளில் நான் புரூணைக்கு அடித்த விண்ணப்பத்தின் கார்பன் நகல்.

முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று என் சிநேகிதனுக்கு நானே கடிதம் அடித்திருக்கிறேன். அவன் தெரிவித்த தாள் என் தட்டில் இருந்திருக்கிறது.

புதன்கிழமை முழுக்க அந்தச் சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதைத் துரையிடம் கொடுத்தால் மாணிக்கம் பிழைத்துக்கொள்வான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் முன்னால் நான் அவசரச் சீட்டை மூன்று வாரம் கிடப்பில் போட்ட கிராணி. கொடுக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சீட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்தேன். தொழிற்சாலைக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுப்பையா, "என்னா கிராணி, இன்னிக்கும் தப்பு தேட வந்தீங்களா?" என்றார். திரும்பிவிட்டேன். ஆபீஸ் வாசல் வரை போய்விட்டு மறுபடியும் தொழிற்சாலைக்கு நடந்தேன். வழக்கமாக மூன்று மணிக்கு வரும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நின்றேன். போக வேண்டும், எப்படியாவது இங்கிருந்து போய்விட வேண்டும் என்று அத்தனை வருடம் துடித்த மனசு அன்று துடித்ததுபோல் ஒருநாளும் துடித்ததில்லை. எரித்துவிடு, எரித்துவிடு என்றது.

நான் எரிக்கவில்லை. அதற்குக் காரணம் என் நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்தப் பெண்ணின் சேலை கிழியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இயந்திரத்தைப் பார்த்தபோது தோன்றிவிட்டது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஆபீசுக்கு வந்து மாணிக்கத்தின் பக்கத்தை அடித்தேன். சீட்டையும் அதன்கூடக் குத்தினேன்.

வியாழன் காலை துரை எட்டையும் படித்தார். மாணிக்கத்தைப் பற்றி எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"இந்த வார்னிங் லெட்டர் நான் சைன் பண்ணதுதான?"

"ஆமாங்க தொரை."

"இப்ப இதுலயும் நான் சைன் பண்ணா, அன்னிக்கு விசாரிக்காமப் போட்டேன்னு நானே ஒத்துக்கற மாதிரி."

"ஆமாங்க தொரை."

"அந்தாளு வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ரோலர் கதைய எடுத்துட்டு வேற ஏதாச்சும் எழுதுங்களேன். அந்த லெட்டரையும் உருவிடலாம். ஒங்களுக்கும் நல்லது."

மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லை. ஒன்பது வருடம் அந்த அறையில் 'ஆமாங்க தொரை' தவிர நான் வேறெதுவும் சொன்னதில்லை.

"எடுத்துடலாங்க தொரை. ஆனா அப்பறம் மலர்ந்த மொகம்னுதான் எழுதணும்" என்றேன்.

துரை என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கைக் கடிதத்தின் மேல் குறுக்காகக் கோடு இழுத்து, ரத்து என்று எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பற்றித் தான் எழுதியிருந்ததை எடுத்து, அடியில் ஒரு வரி சேர்த்து, படிக்கும்படி என்னிடம் நீட்டினார். கடைசி வரி இப்படி இருந்தது: "தவறு நடந்த நாளில் இவருக்கு அது தெரியாது. தெரிந்தபோது அவரே கொண்டுவந்து கொடுத்தார்." இதைவிட நியாயமாக என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

வந்தவர் வயதான ஆஸ்திரேலியர். எல்லாரிடமும் நிறைய பேசினார். மாணிக்கத்தை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போய் நிற்க வைத்து, அரைமணி நேரம் கையாலும் சைகையாலும் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். சீட்டு எத்தனை நாள் தட்டில் கிடந்தது? மூன்று வாரம் என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

மூன்று பேரை எடுத்தார். முதல் பெயர் மாணிக்கம். சுப்பையாவும் உண்டு. நான் இல்லை. சரியான காரியம் செய்த திருப்தி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பொறாமைதான் வந்தது, அதுவும் வயிறு எரிகிற பொறாமை. அதற்குப் பிறகு நான் எந்த நாட்டுக்கும் விண்ணப்பம் போடவில்லை. தினமும் சாயங்காலம் என் தட்டைக் காலி செய்யாமல் ஆபீசைப் பூட்டியதுமில்லை.

அன்று வேலை முடிந்ததும் மாணிக்கத்தைத் தேடிப் போனேன். தொழிற்சாலைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான். சீட்டு விஷயத்தை அவனிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவன் முன்னால் நின்றதும் அத்தனையும் மறந்துபோய், "நீ வலை கேட்டு எழுதுன சீட்டு என் தட்டுலதான்டா கெடந்துச்சு" என்று மட்டும் வந்தது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியும்லா" என்றான். "அன்னிக்கு வார்னிங் குடுக்க தொரை கூப்ட்டப்ப ஆபீசுக்கு வந்தேன்ல, அப்பயே பாத்தேன். ஒன் தட்டுல அடியில கெடந்துச்சு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா தொரைகிட்ட சொல்லல?"

"சொன்னா ஒன் வேல போயிருக்கும். எனக்கு வெறும் வார்னிங்தான?" என்றான். "அதான் அந்தக் கதைய எடுக்காதன்னு சொன்னேன். கேட்டியா நீ?"

அழுதுவிட்டேன். அவன் எப்போதும்போல் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, துண்டை என் தோளில் போட்டுவிட்டு லயத்துக்கு நடந்தான்.

வேலை தவறாகிப்போன நாளில் அவன் என்ன செய்தான் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, துரையின் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் இது இல்லை.